விட்ட குறை

"விட்ட குறை தொட்ட குறை" என்று எங்களூர்ப் பெரியவர்கள் சொல்லுவதுண்டு. முற்பிறப்பிலே முடிக்காது விட்ட கருமம் இப்பிறப்பிலும் வந்து தொடரும் என்பது அதன் பொருள். முற்பிறப்பைப் பற்றிப் பேசும் தகுதி எமக்கில்லை. ஆயினும், ஒரு மாலைப்பொழுதில் முடிக்காது விட்ட வேலையொன்று அன்றிரவே தொடர்ந்து வந்து ஒரு நல்ல மனிதருடைய கண்ணைப் பறித்ததை நாம் அறிவோம். அந்த வேலையை விட்டவர் வேறெவருமல்லர், நாமே. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நெஞ்சிற் கிடந்து உறுத்தும் அந்தக் கதையை இன்று வாசகர் முன் வைக்கத் துணிந்தோம். தொழிற்சாலையைக் கண்ணாற் கண்டிராத இல்லத்தரசிகளுக்கும் இதிலே ஒரு சிறு பயன் உண்டென்று நம்புகிறோம்.

அது 1973 ஆம் ஆண்டு. எமக்கு அப்பொழுது வயது இருபத்திரண்டு. வடபகுதிக் கரையோரப் பட்டினம் ஒன்றிலே, மீன்வாடிகளுக்கு அண்மையில், ஓர் ஐஸ் தொழிற்சாலை இருந்தது. அதன் பெயரும் ஊரின் பெயரும் இங்கு வேண்டா. அங்கே யந்திர இயக்குநராக நாம் வேலைக்கு அமர்ந்தோம். அதிகாலையிலே கட்டுமரங்களும் வள்ளங்களும் கரைசேரும்போது, உமியிற் பொதிந்த ஐஸ் கட்டிகள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் கொழும்புக்குப் போகும் லொறியிலே மீன் நாறிப்போகும். ஆகவே இரவு பகலாக யந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

தண்ணீரைக் கட்டியாக்குவதில் என்ன ஆபத்து என்று சிலர் நினைக்கக்கூடும். கட்டி செய்வது தண்ணீரிலேதான். ஆனால் அதன் வெப்பத்தைக் கவர்ந்து செல்வது அமோனியா. இது பூச்சியத்துக்குக் கீழே முப்பத்துமூன்று பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும் பொருள். ஆவியாகும்போது சுற்றியுள்ள உப்புநீரின் வெப்பத்தை அது குடித்துவிடுகிறது. அந்த உப்புநீரிலே அமிழ்த்திய தகரப் பெட்டிகளுக்குள் இருக்கும் நன்னீர் உறைந்து ஐஸாகிறது. ஆவியான அமோனியாவைத் திரும்பவும் அழுத்தித் திரவமாக்குவதற்கு ஓர் அமுக்கி யந்திரம் உண்டு. அதனைக் 'கொம்பிறசர்' என்போம். நமது நாட்டு வெப்பத்திலே, அதிலிருந்து வெளியேறும் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் சாதாரணக் காற்றின் அழுத்தத்தைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேலாகும்.

இந்த அமோனியாவுக்குத் தண்ணீர்மேல் அடங்காத ஆசை. எங்கே ஈரமிருக்கிறதோ அங்கே ஓடிப் போய்க் கரையும். மனிதனுடைய உடம்பிலே ஈரமுள்ள இடங்கள் எவை? கண், மூக்கு, தொண்டை, நெஞ்சறை, வியர்த்த தோல். அங்கெல்லாம் அது சுண்ணாம்பைப்போல வேகவைக்கும். சிறிதளவு கசிந்தாலே அதன் நெடி மூக்கிலேறி எச்சரித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பெருகிப் பாயும்போது அந்த எச்சரிக்கைக்கு அவகாசம் கிடைப்பதில்லை.

எங்களிடத்தில் இரண்டு கொம்பிறசர்கள் இருந்தன. ஒன்று ஓடும்; மற்றையது ஓய்ந்திருக்கும். மாலைமுறை வேலை எம்முடையது. இரவுமுறைக்கு எம்மிலும் இருபது வயது மூத்த ஒருவர் வருவார். அவரை நாம் 'அண்ணை' என்றே அழைப்போம். படித்த படிப்பு அதிகமில்லை. ஆனால் யந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவார். எமக்குத் தொழில் கற்றுத் தந்தவரும் அவரே.

அன்று இரண்டாம் கொம்பிறசரின் தலைமூடியைக் கழற்றி, உள்ளே உடைந்திருந்த வால்வுத் தட்டை நாம் மாற்றினோம். மூடிக்கு அடியில் வைக்கும் புதிய காஸ்கட் வந்துசேரவில்லை. கடையும் பூட்டியாயிற்று. ஆகையாற் பழைய காஸ்கட்டையே வைத்து, தூசி புகாதபடி மூடியை அதன்மேல் இருத்தி, நான்கே நான்கு போல்ட்டுகளைக் கையினால் முறுக்கிவிட்டோம். ஸ்பானர் போட்டு இறுக்கவில்லை. மறுநாள் காலையிற் புதிய காஸ்கட் வந்ததும் எல்லாவற்றையும் முறைப்படி பூட்டுவோம் என்பது எமது எண்ணம். வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் அந்த யந்திரம் முழுமையாகவே தோன்றும். எமக்கு மாத்திரமே அதன் உண்மை தெரியும்.

அன்றிரவு அம்மன் கோயிலிற் பூங்காவனத் திருவிழா. பேர்பெற்ற நாதசுரக் கச்சேரி. கடைசி பஸ் ஏழரை மணிக்கு. அண்ணை வருவதற்கோ இன்னும் கால்மணி நேரம் இருந்தது. தொழிற்சாலையிலே தேநீர் வாங்கிவரவும், உமி அள்ளவும், பெட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்பவும் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனைக் கூப்பிட்டு, "அண்ணை வந்தவுடன், இரண்டாம் கொம்பிறசரைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிடு" என்றோம். அவன் தலையாட்டினான். நாம் பஸ்ஸுக்கு ஓடினோம்.

சிறிது நேரத்தில் ஒரு லொறி வந்தது. சிறுவனை ஐஸ் ஏற்றக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த அலுவலிலே சொல்ல வேண்டியது அவனுக்கு மறந்துபோயிற்று. பின்பு களைத்துப்போய் உமிக்குவியலின்மேற் படுத்து உறங்கிவிட்டான். பதினைந்து வயதுப் பிள்ளை; காலை முதல் வேலை செய்தவன். உறங்காமல் என்ன செய்வான்?

நள்ளிரவு தாண்டி, முதலாம் கொம்பிறசரின் பட்டி அறுந்தது. அண்ணை எந்தத் தேர்ந்த இயக்குநரும் செய்யக்கூடியதையே செய்தார். இரண்டாவதை ஓட்டுவதற்காக முதலில் அதன் வெளியேற்று வால்வைத் திறந்தார். குழாயிலே காத்திருந்த அழுத்தம் முழுவதும் கையால் முறுக்கிய நான்கு போல்ட்டுகளின்மேற் பாய்ந்தது. மூடியின் ஓரத்தைப் பிளந்துகொண்டு வெண்புகையாக அமோனியா அவர் முகத்திலே அடித்தது.

அந்த நிலையிலும் அவர் ஓடவில்லை. மதிலுக்கு அப்பால் மீனவர் குடிசைகள். அங்கே குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். கண் தெரியாமலே கைத்தடவலில் அந்த வால்வைத் தேடி, சுற்றிச் சுற்றி அதனை மூடினார். பிறகு தவழ்ந்துபோய், தகரப் பெட்டிகளுக்கு நீர் நிரப்பும் தொட்டிக்குள்ளே தலையை அமிழ்த்தினார். அமோனியாவுக்கு மருந்து தண்ணீர் ஒன்றே என்பதை அவர் அறிந்திருந்தார். அதனாலே உயிர் தப்பியது. ஆனால் வலக்கண் போயிற்று. இடக்கண்ணிலும் ஒரு மங்கல் நிலைத்துவிட்டது.

நாம் அவ்வேளையிற் கோயில் வீதியிலே மணலில் அமர்ந்து தவிலை ரசித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாட் காலை விசாரணை நடந்தது. கந்தோரிலே மனேஜர் எம்மைக் கேட்டார்: "நீ சொல்லிவிட்டுப் போனாயா?" "சிறுவனிடம் சொன்னேன்" என்றோம். அது பொய்யன்று. ஆயினும் அதிலும் பெரிய பொய் ஒன்றை நாம் எம் வாழ்நாளிற் சொன்னதில்லை. சிறுவனைக் கூப்பிட்டார்கள். அவன் அழுதுகொண்டே, "மறந்துபோனேன்" என்றான். குற்றவாளி கிடைத்துவிட்டான்! அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார்கள். விசாரணையும் முடிந்தது. போல்ட்டுகளை ஏன் இறுக்கவில்லை என்றோ, பழுதான யந்திரத்திலே ஏன் ஓர் அடையாளமும் இல்லை என்றோ, ஒரு மனிதர் வருமுன் மற்றவர் போகும் வழக்கம் எப்படி வந்தது என்றோ ஒருவரும் கேட்கவில்லை. நாமும் வாய் திறக்கவில்லை. அவன் துவாயாற் கண்ணைத் துடைத்துக்கொண்டு படலையைத் தாண்டிப் போனதை யன்னலாற் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆறு ஆண்டுகளின் பின், 1979 இல், நாம் வளைகுடா நாடொன்றிலுள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குத் தொழில் தேடிப் போனோம். அங்கே முதல் நாளே எம் கையிற் கொடுத்த பொருள் ஸ்பானர் அன்று, ஓர் ஆமைப்பூட்டு. அதிலே எமது பெயர் பொறித்திருந்தது. அதற்குத் திறப்பு ஒன்றே ஒன்று. அது எமது சட்டைப்பையிலேயே இருத்தல் வேண்டும்.

அங்குள்ள முறை இதுதான். ஒரு யந்திரத்தைத் திறக்க வேண்டுமாயின், முதலில் அனுமதிப் பத்திரம் எழுத வேண்டும். எந்த யந்திரம், என்ன வேலை, குழாய்க்குள்ளே என்ன பொருள், எவர் செய்கிறார், எத்தனை மணிவரை என்பதெல்லாம் அதிலே இருக்கும். பின்பு அந்த யந்திரத்துக்கு வரும் வழிகளையும் போகும் வழிகளையும் வால்வுகளால் அடைத்து, நீண்ட வேலையாயின் குழாய்களுக்கிடையிலே இரும்புத் தகட்டைச் செருகி, மின்சாரத்தையும் துண்டிக்க வேண்டும். வேலை செய்யும் ஒவ்வொருவரும் அங்கே தத்தம் பூட்டைப் போட வேண்டும். ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டுக்கள் தொங்கும். கடைசிப் பூட்டும் கழன்றாலன்றி யந்திரம் ஓடாது. பூட்டியபின் ஒருமுறை ஓட்டு விசையை அழுத்தி, உண்மையிலே ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முறை மாறும்போது, வருபவரும் போகிறவரும் அந்த யந்திரத்தின் அருகிலே நின்று, முகம் பார்த்துப் பேசி, குறிப்பேட்டிலே இருவரும் கையொப்பம் இடவேண்டும்.

ஆரம்பத்திலே இது எமக்கு வீண் சடங்காகவே தோன்றியது. ஓர் இரவு அந்த எண்ணம் மாறியது. பம்பு ஒன்றின் வேலை முடிந்துவிட்டது; அதை ஓட்டியாக வேண்டும்; ஆனால் அதிலே ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் திறப்பைச் சட்டைப்பையிலே போட்டபடி வீட்டுக்குப் போய்விட்டார். வெட்டியெறிய இரண்டு நிமிடம் போதும். பொறுப்பதிகாரியோ வெட்டவிடவில்லை. அறுபது மைலுக்கு அப்பால் இருந்த அந்தத் தொழிலாளியை உறக்கத்திலிருந்து எழுப்பி, கார் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். அதுவரை ஆலையின் ஒரு பகுதி நின்றது. வந்தவர் வெட்கத்தோடு பூட்டைக் கழற்றினார். அவரை ஒருவரும் ஏசவில்லை. "உமது பூட்டைக் கழற்ற உமக்கே உரிமை" என்று மாத்திரம் அதிகாரி சொன்னார். படலையைத் தாண்டிப் போன அந்தச் சிறுவனை அப்பொழுது நினைத்தோம்.

1982 இல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அண்ணையைப் பார்க்கப் போனோம். திண்ணையிலே இருந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். கண் மங்கல், விரல்களே வேலை செய்தன. எமது குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. நெடுநேரம் வளைகுடாக் கதை கேட்டார். ஆமைப்பூட்டைப் பற்றியும் சொன்னோம். அவர் பின்னலை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"தம்பி, நீ சொல்லாமல் போனது பிழைதான். அதை நான் இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனால் ஒண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. ஒரு மனிசன்ரை கண், ஒரு பெடியன்ரை ஞாபகத்திலையோ தொங்கவேணும்? அந்த விசையிலை ஒரு மட்டைத் துண்டைக் கட்டியிருந்தால் போதும். நீ திருவிழாவுக்கும் போயிருப்பாய்; பெடியன் நித்திரையும் கொண்டிருப்பான்; நானும் விடிய ஐஸ் இறக்கியிருப்பன்."

பின்பு, "அந்தப் பெடியன் இப்ப எங்கை?" என்று கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. "அவனைப் பிழையெண்டு நிப்பாட்டினாங்கள். நீ ஒண்டும் சொல்லேல்லையோ?" என்றார். அதற்கும் விடை தெரியவில்லை. அல்லது தெரிந்தும் சொல்ல முடியவில்லை.

1984 டிசம்பர் 2 ஆந் தேதி இரவு, இந்தியாவிலே போபால் நகரிற் பூச்சிமருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தாங்கியிலிருந்து ஏறக்குறைய நாற்பது தொன் மெதில் ஐசோசயனேற் என்னும் நஞ்சு வெளியேறி, உறங்கிக்கொண்டிருந்த ஊரின்மேற் பரவியது. தாங்கிக்குள்ளே தண்ணீர் புகுந்ததனால் விளைந்த அனர்த்தம் அது. அந்தப் பொருளைக் குளிராக வைத்திருக்க வேண்டிய குளிரூட்டி பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்க வேண்டிய கோபுரத்துக்குச் செல்லும் குழாயின் ஒரு துண்டு திருத்த வேலைக்காகக் கழற்றப்பட்டிருந்தது. மத்தியப் பிரதேச அரசு பின்னர் உறுதிசெய்த இறப்புக்கள் 3,787. பிறர் கூறும் எண்ணிக்கைகள் இதனிலும் மிகப் பெரியவை. செய்தியை வாசித்தபோது, காவலுக்கு வைத்த கருவி ஒவ்வொன்றும் 'பிறகு பார்ப்போம்' என்று விடப்பட்டிருந்ததே எம் கண்ணிற் பட்டது. எமது நான்கு போல்ட்டுகளும் அந்தச் சாதியைச் சேர்ந்தவையே.

ஆனால் எம்மை உலுக்கியது இன்னொரு செய்தி. ஸ்கொத்லாந்தின் அபர்தீன் நகரிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீற்றர் தூரத்திலே, வடகடலின் நடுவில், பைப்பர் அல்பா என்னும் எண்ணெய் மேடை ஒன்று நின்றது. கடலடியிலிருந்து எண்ணெயையும் எரிவாயுவையும் எடுத்துக் கரைக்கு அனுப்பும் பெரும் இரும்புக் கட்டடம். 1988 ஜூலை 6 ஆந் தேதி இரவு அது எரிந்தது. மேடையிலிருந்த 226 பேரில் 165 பேர் இறந்தார்கள். அவர்களை மீட்கப் போன படகினரில் இருவரும் மாண்டார்கள். மொத்தம் 167 உயிர்.

1991 இல் எமது ஆலையிலே நடந்த பயிற்சி வகுப்பொன்றில், அது எவ்வாறு நிகழ்ந்ததென்று ஆசிரியர் கரும்பலகையிலே படம் போட்டு விளக்கினார். எரிவாயுவிலிருந்து பிரியும், எளிதில் ஆவியாகும் திரவம் ஒன்றை அனுப்புவதற்கு அங்கே இரண்டு பம்புகள். ஒன்று ஓடும்; மற்றையது ஓய்ந்திருக்கும். அன்று பகல், ஓய்ந்திருந்த பம்பின் காப்பு வால்வைச் சோதிப்பதற்காகக் கழற்றினார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. திறந்த குழாய்வாயை ஒரு மூடித்தகட்டால் அடைத்தார்கள். அது கசிவைத் தாங்கும்படி இறுக்கப்பட்டிருக்கவில்லை. அனுமதிப் பத்திரம் எழுதப்பட்டிருந்தது. ஆனால் காப்பு வால்வு இல்லை என்ற செய்தி இரவுமுறைக்கு வந்தவர்களைச் சேரவில்லை. இரவு ஒன்பதே முக்கால் மணியளவில், ஓடிக்கொண்டிருந்த பம்பு நின்றது. மற்றையதை ஓட்டினார்கள். பத்து மணிக்கு முதல் வெடி.

ஆசிரியர் சுண்ணக்கட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே நாம் வகுப்பை விட்டு எழுந்து வெளியே போய்விட்டோம். இரண்டு யந்திரம், முடியாத வேலை, கையளவில் மூடிய மூடி, முறை மாறியபோது போய்ச்சேராத ஒரு சொல். கரும்பலகையிலே இருந்தது வடகடலன்று. எங்கள் ஐஸ் தொழிற்சாலை.

அந்த அனர்த்தத்தை விசாரித்த கலன் பிரபுவின் அறிக்கை 1990 இல் வெளிவந்து, 106 பரிந்துரைகளைச் செய்தது. அவ்விசாரணை ஒரு தொழிலாளியின் மறதியோடு நின்றுவிடவில்லை. பத்திரங்கள் எழுதப்பட்டும் அவற்றை மேலாளர்கள் ஒழுங்காகச் சரிபார்க்காதது ஏன்? கடலிற் சுழியோடிகள் இறங்கும் காலங்களிலே தீயணைக்கும் நீர்ப்பம்புகள் தாமாக ஓடாதபடி மாற்றிவைக்கப்பட்டது ஏன்? இங்கே தீப்பற்றியபின்பும் அயலிலுள்ள மேடைகள் எண்ணெய் அனுப்பிக்கொண்டிருந்தது ஏன்? கட்டளைக்காகக் காத்திருந்தவர்கள் புகையில் மடிய விடப்பட்டது ஏன்? இப்படிக் கேட்டுக்கொண்டே மேலே போயிற்று. அதன்பின், தமது மேடையிலே என்னென்ன ஆபத்து உண்டு, ஒவ்வொன்றையும் எவ்வாறு தடுப்போம் என்று நடத்துபவர்களே எழுதிக்கொடுத்து, அது ஏற்றுக்கொள்ளப்பட்டாலன்றி மேடையை இயக்கக்கூடாது என்று பிரித்தானியாவிலே சட்டம் வந்தது.

பைப்பர் அல்பாவிலே பத்திரம் இருந்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அண்ணை கேட்ட மட்டைத் துண்டு அங்கே வேறொரு வடிவில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது பம்பின்மேல் இல்லை. எவருடைய வாயிலும் இல்லை. ஆகவே காகிதம் மாத்திரம் காவலாகாது. வாய்ச்சொல் மாத்திரமும் காவலாகாது. குறை விட்ட இடத்திலேயே அடையாளம் தொங்க வேண்டும். விட்டவர் வருபவரை நேரிலே கண்டு சொல்ல வேண்டும். இரண்டும் நடக்கின்றனவா என்று மேலே உள்ளவர்கள் வந்து பார்க்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் பிடித்துக்கொள்ளும். மனிதன் மறப்பவன், களைப்பவன், திருவிழாவுக்கு ஓடுபவன். இதை அறிந்து கட்டிய ஒழுங்கே ஒழுங்கு. மறக்காத மனிதரை நம்பிக் கட்டிய ஒழுங்கு, கையால் முறுக்கிய போல்ட்டுக்குச் சமானம்.

இன்னும் ஒன்று உண்டு. அது எல்லாவற்றிலும் கடினமானது. குறையை விட்டவன் அதை அச்சமின்றிச் சொல்லக்கூடியதாக இருத்தல் வேண்டும். சுத்திகரிப்பு ஆலையிலே ஒரு நாள், குழாய் பூட்டி முடிந்தபின், உதவியாள் ஒருவன் நடுங்கிக்கொண்டே எம்மிடம் வந்து, தன் ஸ்பானரைக் காணவில்லை, குழாய்க்குள்ளே விட்டிருக்கக்கூடும் என்றான். அப்பொழுது நாம் மேற்பார்வையாளர். அரை நாள் வேலையைப் பிரித்தெடுத்துப் பார்த்தோம். ஸ்பானர் உள்ளேதான் கிடந்தது. தொழிலாளர் எல்லாரும் கூடியிருக்க அவனுக்கு நன்றி சொன்னோம். 1973 இல் அந்தச் சிறுவனை நிறுத்தியதன்பின், எங்கள் ஐஸ் தொழிற்சாலையிலே யார்தான் தன் மறதியைச் சொல்லத் துணிந்திருப்பார்கள்? ஒருவனைத் தண்டித்து, எல்லாருடைய வாயையும் அடைத்துவிட்டோம். கசிவைக் காட்டும் மூக்கையே அறுத்துவிட்டாற் போன்றது அது.

இப்பொழுது நாம் ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருக்கிறோம். சென்ற ஆண்டு ஒரு நாள், மருமகள் காஸ் சிலிண்டரை மாற்றினாள். சவர்க்கார நீரைத் தடவிப் பார்த்தபோது இணைப்பிலே குமிழி வந்தது. சிலிண்டரை மூடிவிட்டு, கடைக்காரரைக் கூப்பிடலாம் என்று எண்ணினாள். அதற்குள் பள்ளிக்கூடம் விடும் நேரமாயிற்று. பிள்ளையைக் கூட்டிவரப் போக வேண்டும். போகுமுன் அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு சிவப்புத் துணித்துண்டை எடுத்து அடுப்பின் குமிழிலே கட்டினாள். பிறகு எமது கதிரையருகே வந்து, "மாமா, காஸ் ஒழுகுது. நான் வந்து சொல்லும்வரைக்கும் அடுப்பு மூட்டவேண்டாம், அவர் வந்தாலும் சொல்லுங்கோ" என்றாள். அடையாளமும் கட்டி, நேரிலும் சொல்லிவிட்டாள்! வளைகுடாவிலே முப்பது ஆண்டு நாம் கற்றதை அவளுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. அந்தச் சிவப்புத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்த எமது கண் நிறைந்துவிட்டது. எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

வீட்டிலும் நாம் எத்தனை குறைகளை விட்டுவிட்டுப் போகிறோம்! பாதி கழற்றிய மின்விசை, மூடி சரியாகப் பொருந்தாத கிணறு, சோடாப் போத்தலிலே ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், பாட்டிக்கு மாத்திரை கொடுத்தாயிற்றா இல்லையா என்ற ஐயம். முடிக்காமல் விடுவது குற்றமன்று. உலகத்தில் எல்லா வேலையும் ஒரே மூச்சில் முடிவதில்லை. முடிக்காததை முடிந்ததுபோலத் தோன்ற விடுவதே குற்றம்.

அண்ணை காலமாகிப் பல ஆண்டுகளாயின. அவருடைய கேள்விகளில் ஒன்றுக்கு மாத்திரம் எம்மால் விடை தேட முடிந்தது. அந்தச் சிறுவனை நாம் தேடினோம். போரும் இடப்பெயர்வும் அந்தப் பட்டினத்து மக்களைத் திசைக்கொருவராகச் சிதறடித்துவிட்டன. அவர் குடியிருந்த வளவிலே இன்று வேறு யாரோ இருக்கிறார்கள். உயிரோடிருந்தால் அவருக்கும் இப்பொழுது அறுபத்தைந்து வயதுக்கு மேலாகும், பேரப்பிள்ளைகளும் இருக்கக்கூடும். 'என்னுடைய மறதியாலே ஒரு மனிதருக்குக் கண் போயிற்று' என்ற சுமையை இத்தனை காலமும் அவர் சுமந்திருப்பாரோ என்று நினைக்கும்போது எமக்கு இரவிலே உறக்கம் வருவதில்லை.

அவர் எங்காவது இருந்து இதனை வாசிப்பாராயின், அல்லது வாசித்தவர் யாரேனும் அவரை அறிந்தவராயின், அவருக்கு ஒரு வார்த்தை. தம்பி, அன்று அந்தப் போல்ட்டுகளை இறுக்காமற் போனவர் நாம். அண்ணை வருமுன் போனவரும் நாம். ஒரு மட்டைத் துண்டைக் கட்டாமல், எமது கடமையை உன் சின்னத் தலையிலே வைத்தவரும் நாம். கந்தோரிலே நீ அழுதபோது வாய் மூடி நின்றவரும் நாம். அன்று உன்னிடம் சொல்லியனுப்பியதை நாமே நேரில் நின்று சொல்லியிருக்க வேண்டும். ஐம்பது ஆண்டு பிந்திவிட்டது. ஆயினும், விட்ட குறையை விட்டவரே சொல்லிவிட வேண்டும் அன்றோ? சொல்லிவிட்டோம்.